மேல்வீட்டுக்காரரும் மதியப் பையும்

வேலையிடத்தில் அவரை எல்லோரும் மேல்வீட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். டவர் கிரேன் ஓட்டுபவர். காலையில் ஏணி ஏறி அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்தால் வேலை முடிந்துதான் இறங்குவார். சாப்பாடு மேலேயே. கீழே இருப்பவர்களோடு பேச்சு எல்லாம் வாக்கி-டாக்கியில். புதிதாக வந்த கொத்தனார்களில் பலர் அவர் குரலைத்தான் அறிவார்கள், முகத்தை அல்ல. அவர் மனைவி கண்ணாடிக் கடையில் மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் பொருத்துகிறவள், வாய் கொஞ்சம் நீளம். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இவர் ஊர் தலைக்கு மேலதான் குடித்தனம் பண்றார்" என்பாள். "வீட்டுக்கு வந்தா வாயைத் திறக்க மாட்டார். எனக்கும் ஒரு வாக்கி-டாக்கி வாங்கிக் குடுத்திருந்தா ரெண்டு வார்த்தை பேசியிருப்பாரோ என்னமோ."

நான் அந்த வீட்டுக்குப் போக ஆரம்பித்தது, அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் பெரும்பாலும் கைவிட்ட பிறகு. வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் வீடுகளுக்குப் போய், குழாய் வெளியே வரும் இடம் சிவந்திருக்கிறதா, பையை மாட்டும் முன் கையைச் சரியாகக் கழுவுகிறார்களா, கால் வீங்கியிருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பது என் வேலை. இந்த முறை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வயிற்றில் ஒரு மெல்லிய குழாயை நிரந்தரமாக வைத்துவிடுவார்கள். பையிலிருக்கும் திரவம் அதன் வழியாக உள்ளே போய், சில மணி நேரம் தங்கி, ரத்தத்திலிருக்கும் கழிவையும் அதிகப்படி நீரையும் இழுத்துக்கொள்ளும். பிறகு அதை வடித்துவிட்டு அடுத்த பையை விட வேண்டும். மருத்துவமனைக்கு ஓட வேண்டாம், வீட்டிலேயே செய்யலாம். ஆனால் நாள் முழுவதும் அந்தப் பைகளின் நேரத்துக்குத்தான் வாழ வேண்டும்.

அவருக்குக் காலை, மதியம், இரவு என்று மூன்று பைகள். காலைப் பையை வேலை முடிந்த பிறகுக்குத் தள்ளிவிடலாம், இரவுப் பையால் தொந்தரவே இல்லை. மதியப் பைதான் எதிரி. வேலை பார்க்கும் நேரத்தில் வயிறு நிறையத் திரவத்தோடு யாரும் ஏணி ஏற முடியாது, மேலே உட்கார்ந்து பை மாற்றவும் முடியாது. அந்த ஒரு பை இருக்கும்வரை அவர் தரையில்தான்.

அவர்கள் குடியிருந்த மாடியின் சன்னலைத் திறந்தால் எதிரே அந்தக் கட்டடம் தெரியும். முதல் தூணுக்குக் கம்பி இறக்கிய நாளிலிருந்து அவர் கை பட்ட கட்டடம் அது. பாதியில் உடம்பு விழுந்துவிட்டது. கட்டடம் உயர உயர, அதனோடு சேர்த்துக் கிரேனுக்கும் துண்டு துண்டாக உயரம் கூட்டுவார்கள். அவர் இறங்கியபோது அக்கம்பக்கத்து மொட்டை மாடிகளைவிடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். இப்போது கழுத்தை நன்றாகப் பின்னால் சாய்த்தால்தான் கேபின் தெரியும். வேறொருவர் ஓட்டுகிறார். பை வடியும் நேரமெல்லாம் இவர் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். திரும்பும்போது குலுக்குகிறான், நிறுத்தும்போது பாரம் ஆடுகிறது, அவசரக்காரன் என்று தீர்ப்பும் வழங்குவார்.

ஒருநாள் கட்டுப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். கேட்காமலேயே சொன்னார். "அக்கா, நான் விட்டப்ப அது இவ்வளவு உயரம் இல்ல. இப்ப மேலேர்ந்து பாத்தா என்னென்ன தெரியும்னு எனக்குத் தெரியாது. கட்டடம் முடிஞ்சா கிரேனைப் பிரிச்சு லாரியில ஏத்திடுவாங்க. அதுக்குள்ள ஒரு தடவை."

ஒரு தடவை என்று அவர் சொன்னது ஒரு தடவை அல்ல என்பது எனக்குத் தெரியும். எந்த நோயாளியும் அப்படித்தான் ஆரம்பிப்பார். அப்போதைக்குப் பஞ்சை மாற்றினேன்.

அவருக்கு ஒரு வழி இருந்தது. டயாலிசிஸுக்கு வந்துவிட்டவர்களின் சிறுநீரகம் முழுக்கச் செத்துவிடுவதில்லை. பலருக்கு மிச்சம் கொஞ்சம் இருக்கும், தினமும் சிறுநீர் போகும். அந்த மிச்சம் பெரிய சொத்து. அது இருப்பவர்கள் தண்ணீரைக் கொஞ்சம் தாராளமாகக் குடிக்கலாம், கால் சீக்கிரம் வீங்காது, பையின் எண்ணிக்கையும் குறையலாம். மிச்சம் எவ்வளவு என்று பார்க்க, ஒரு முழு நாளின் சிறுநீரை ஒரு கேனில் பிடித்து, அதோடு ரத்தமும் எடுத்துக் கணக்குப் போடுவார்கள். முதல் முறை அவர் மருத்துவமனையில் படுத்திருந்தபோது நர்சுகளே பிடித்தார்கள், சுமாராகத்தான் வந்தது. இரண்டாவது முறை வீட்டிலேயே பிடித்துக் கொண்டுவரச் சொன்னார்கள்.

கேனில் பிடிப்பதில் அவர் மற்றவர்களைப் போலக் கூச்சப்படவில்லை. மேலே கழிப்பறை கிடையாது. இறங்கி ஏறினால் கீழே ஒரு கூட்டமே வேலையில்லாமல் நிற்கும். அதனால் கிரேன் ஓட்டுபவர்கள் எல்லோரும் பாட்டில் கொண்டுபோவார்கள். அதற்கும் ஒரு சட்டம் உண்டு, மேலிருந்து ஒரு சொட்டுக்கூடக் கீழே விழக் கூடாது. அவர் தொழில் பழகிய காலத்தில் ஒருவன் சோம்பலில் பாட்டிலைக் காற்றில் கவிழ்த்துவிட்டானாம். கீழே வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டிருந்த என்ஜினீயர் மேலே பார்த்து, மழை வருகிறது, தார்ப்பாயை மூடுங்கள் என்று கத்தினாராம். அவனை அன்றே அனுப்பிவிட்டார்கள். இந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் மேல்வீட்டுக்காரர் சத்தமாகச் சிரிப்பார். அவர் காலையில் முதல்முறை போவதிலிருந்து எல்லாவற்றையும் பாட்டிலில் பிடித்து, மூடியை இறுக்கி, பையில் வைத்துக் கீழே கொண்டுவருகிறவர். கேனும் அவருக்கு அதே வேலைதான்.

இரண்டாவது முறை எண் நன்றாக வந்தது. முதல் முறையைவிட நிறையக் கூட. கிட்னி தேறுகிறதே என்று டாக்டருக்கே ஆச்சரியம். சிலருக்கு உடம்பு நிதானத்துக்கு வந்ததும் அப்படிக் கொஞ்சம் தேறுவதுண்டு. மதியப் பையை நிறுத்திப் பார்க்கலாம் என்றார். காலையில் இரவுத் திரவத்தை வடித்துவிட்டு, பகல் முழுவதும் வயிறு காலி. காலைப் பைக்குப் பதில் சாயங்காலம் ஒன்று, படுக்கும் முன் ஒன்று. சில வாரம் பார்த்துவிட்டு, ரத்தம் சரியாக இருந்தால் வேலைக்குப் போகச் சான்று தருவதாகவும் சொன்னார்.

அன்று வீடு வீடாக இல்லை. மனைவியின் தம்பி வந்திருந்தான். அவனும் அதே இடத்தில்தான் வேலை, கீழே நின்று வாக்கி-டாக்கியில் சிக்னல் சொல்கிறவன். இத்தனை காலம் மாமாவுக்கு வலது, இடது, இறக்கு, நிறுத்து என்று உத்தரவு போட்டதை வாழ்நாள் சாதனையாக நினைப்பவன். "மாமா, நீங்க இல்லாம எனக்குத் தொண்டையே கட்டிப் போச்சு. இப்ப ஓட்டறவர்கிட்ட ஒரு தடவை சொன்னா போதும், செய்யறார். உங்ககிட்ட மாதிரி மூணு தடவை கத்த வேண்டியதில்ல."

"நீ தப்பா சொல்லுவே. அதான் மூணு தடவை கேப்பேன்" என்றார் இவர்.

டாக்டர் சான்று வந்தால் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி சொல்லியிருந்தார். மறுநாளிலிருந்து மேல்வீட்டுக்காரர் மாடிப்படி ஏறிப் பழக ஆரம்பித்தார். வயிறு காலியாக இருக்க வேண்டும், மூச்சு வாங்கினால் நிற்க வேண்டும், குழாயை இடுப்புப் பட்டைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனைகளோடு நானும் கூடப் போனேன். அவர் மொட்டை மாடி வரை போய் நின்றார். இளைப்பு எனக்குத்தான். அங்கே நின்று கிரேனை நேருக்கு நேர் பார்க்க முடியாது, அங்கிருந்தும் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். அவர் பார்த்தார். நான் காத்திருந்தேன். முகத்தில் அப்படி ஒரு பசி, சாப்பாட்டுக்கான பசி இல்லை.

மூன்றாவது வாரம் அவர் காலுறையைக் கழற்றியபோது கணுக்காலில் அதன் விளிம்பு ஆழமாகப் பதிந்திருந்தது. கட்டை விரலால் அழுத்தினேன். குழி விழுந்தது, மெதுவாகத்தான் நிரம்பியது. சாப்பாடு பிடிக்கவில்லை, வாயில் ஏதோ இரும்பு ருசி என்று மனைவி சொன்னாள். அவர் அவளை முறைத்தார். படி ஏறியதால் கால் வீங்கியிருக்கும் என்றார். படி ஏறினால் அழுத்தியதும் குழி விழாது என்று சொல்லிவிட்டு, அவர் எதிரிலேயே மருத்துவமனைக்கு போன் பண்ணினேன். உடனே வரச் சொன்னார்கள். அவர்களும் கூப்பிடத்தான் இருந்தார்களாம், வெளி லேபுக்கு அனுப்பியிருந்த ஒரு ரத்தப் பரிசோதனையின் முடிவு அன்றுதான் வந்திருந்தது.

டாக்டர் நடுவயதுப் பெண், சுற்றி வளைக்கத் தெரியாதவர். இரண்டு காகிதங்களைப் அருகருகே வைத்தார்.

"கேனைப் பாத்தா உங்க கிட்னி தேறிட்டு வருது. ரத்தத்தைப் பாத்தா இறங்கிட்டு வருது. ரெண்டும் ஒரே ஆளோடதா இருக்க முடியாது."

"ஒரே ஆள்தான் டாக்டர். நான் சாட்சி" என்றாள் மனைவி.

டாக்டர் சிரித்துவிட்டு விளக்கினார். ரத்தத்தில் பீட்டா-டூ என்று சுருக்கமாகச் சொல்லும் ஒரு சின்னப் புரதம் இருக்கிறது. யூரியா, கிரியாட்டினின் போன்ற கழிவுகளை எடுப்பது மாதிரி அதைப் பை சுலபமாக வெளியே எடுத்துவிடாது. பெரும்பாலும் சொந்தச் சிறுநீரகம்தான் எடுக்க வேண்டும். அதனால் மிச்சம் இருக்கும் சிறுநீரகம் குறையக் குறைய ரத்தத்தில் அது ஏறும். கேன் இல்லாமலேயே ஓரளவு உளவு சொல்லும். வேறு காரணத்தாலும் ஏறலாம், உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால்கூட. அதனால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத மாட்டார்கள். ஆனால் இவருக்கு அதோடு கிரியாட்டினினும் ஏறியிருந்தது, காலும் வீங்கியிருந்தது.

"யூரின் எப்படிப் பிடிச்சீங்க? ஆரம்பத்துலேர்ந்து சொல்லுங்க."

அவர் பெருமையாகவே சொன்னார். காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கேன். அப்போதுதான் நிறைய வரும். பிறகு நாள் முழுக்க. ராத்திரி. மறுநாள் காலையில் எழுந்ததும் போனதையும் சேர்த்து மூடினார்.

"ஒரு சொட்டு வீணாக்கல டாக்டர்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பக்கத்தில் நின்ற நர்ஸ்தான் சொன்னார், முதல் நாள் காலையில் போவது முந்தின ராத்திரி சேர்ந்தது, அதைக் கழிப்பறையில் விட்டுவிட்டு அதற்குப் பிறகுதான் கணக்கு ஆரம்பிக்க வேண்டும் என்று. அன்றைக்கே சொன்னேனே என்றார். சொல்லியிருப்பார். பிடித்ததில் முதல் பாட்டிலையே கொட்டு என்று யாராவது சொன்னால் கிரேன் ஓட்டுபவர் மண்டையில் அது ஏறாது.

ஒரு நாளுக்கு இரண்டு ராத்திரி. கேன் நிறைந்ததில் என்ன அதிசயம்.

அவருக்கு அதை யாரும் இரண்டாம் முறை விளக்க வேண்டியிருக்கவில்லை. "வெறும் கொக்கியில பூஜ்யம் வைக்காம, கொக்கியையும் சேர்த்து எடை பாத்திருக்கேன்" என்றார். பிறகு, "அப்ப மதியப் பை?" என்று கேட்டார்.

இன்னொரு முறை சரியாகப் பிடித்துவாருங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார் டாக்டர். அதுவரை சான்று கிடையாது. அந்தப் பக்கம் கட்டடத்தின் உச்சித் தளத்துக்குக் கம்பி ஏற ஆரம்பித்திருந்தது. அதன் பிறகு கிரேனுக்கு அங்கே அதிக வேலை இல்லை.

மறுபடி கேன் பிடித்த காலையில் நான் அங்கே இல்லை. மனைவி பிறகு சொன்னதைச் சொல்கிறேன். அவர் எழுந்து குளியலறைக்குப் போய், பாட்டிலில் பிடித்துவிட்டு, அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாராம். பக்கத்தில் கேன் மூடி திறந்து கிடந்தது. வெகுநேரம் தண்ணீர்ச் சத்தமே கேட்காததால் இவள் எட்டிப் பார்த்திருக்கிறாள். பார்த்ததும் புரிந்துவிட்டது.

"ஊத்திடுங்க. பாதியாவது ஊத்துங்க. யாருக்குத் தெரியப்போகுது?" இவள்தான் சொன்னாள். சொல்லும்போது அழுகை வந்துவிட்டதாம். மாடிப்படியில் அவர் ஏறி இறங்கியதை அவளும்தானே பார்த்திருக்கிறாள்.

"ரத்தத்துக்குத் தெரியுமே" என்றார் அவர்.

"வெளி லேப் ரத்தம் அடுத்த மாசம்தான் வரும். அதுக்குள்ள நீங்க ஒரு தடவை ஏறி இறங்கிடலாம்."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்ததும் அதேதான் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்ததாம். கிரேனில் அளவுக்கு மேல் பாரம் தூக்கினால் தானாக நிறுத்திவிடும் ஒரு கருவி உண்டு. அவசரத்தில் அதை ஏமாற்றிவிட்டுத் தூக்குகிறவர்கள் எல்லா வேலையிடத்திலும் ஒருவராவது இருப்பார்கள்.

"மீட்டரை ஏமாத்திட்டு ஏத்தினவன் யாரையும் நான் நல்லபடியாப் பாத்ததில்ல. கீழே நிக்கறது உன் தம்பிதான்டி" என்றார்.

பாட்டிலைக் கழிப்பறையில் கவிழ்த்தார். தண்ணீர் விடும் பொத்தானை அவர் அழுத்தவில்லை, அவள்தான் அழுத்தினாள்.

அந்த ஒரு நாள் முழுக்க மனைவி கடைக்குப் போகவில்லை. அவர் தண்ணீரை அதிகமாகக் குடித்துவிடக் கூடாது என்று நான் போனில் கண்டித்திருந்தேன். நிறையக் குடித்தால் கேன் நிறையும், அதிலிருக்கும் கழிவு அதிகமாகாது, கால்தான் இன்னும் வீங்கும். அவர் எப்போதும் குடிக்கும் அளவே குடித்தார். மறுநாள் கேனைக் கொண்டுபோனபோது அது எடையே இல்லாதது போல இருந்தது என்றாள்.

எண் வந்தது. முந்தையதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. ரத்தத்தோடு ஒத்துப்போனது. மருத்துவமனையில் முதலில் எடுத்ததைவிடவும் குறைவு. இருக்கிற மிச்சத்தைக் காப்பாற்ற வேண்டும், கண்ட கண்ட வலி மாத்திரையைப் போடாதீர்கள், வாந்தி, பேதி வந்தால் உடனே சொல்லுங்கள் என்றெல்லாம் டாக்டர் சொன்னார். எல்லாம் சரிதான். அவர் காதில் விழுந்தது ஒன்றுதான். மதியப் பை திரும்பி வந்தது. சான்று வரவில்லை.

மனைவியின் தம்பி தன்னால் ஆனதைச் செய்தான். கீழே தனக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறேன், வாக்கி-டாக்கியைக் கையில் தருகிறேன், மாமா சிக்னல் சொல்லட்டும் என்று பாதுகாப்பு அதிகாரியிடம் பேசி ஒப்புக்கொள்ளவும் வைத்துவிட்டான். இவர் மாட்டேன் என்றுவிட்டார். பிறகு ஒருநாள் அவன் போனோடு வந்தான். இப்போது கிரேன் ஓட்டுகிறவரிடம் கெஞ்சிக் கூத்தாடி, கேபினிலிருந்து நாலு பக்கமும் படம் எடுத்து வாங்கியிருந்தான்.

நானும் பார்த்தேன். கூரைகள், ஆறு போல வளைந்து போகும் பெரிய சாலை, அதற்கு அப்பால் வெளிறிய ஒரு கோடு. கடலா புகையா தெரியவில்லை. அவர் போனைக் கண்ணருகில் பிடித்து இரண்டு முறை பார்த்தார்.

"எப்படி மாமா?"

"நல்லாதான் எடுத்திருக்கான். ஆனா கேபின் ஆடறது இதுல தெரியலடா." போனைத் திருப்பிக் கொடுத்தார். "அந்த உயரத்துல எப்படி ஆடும்னுதான் எனக்குப் பாக்கணும்."

மைத்துனன் தன் அக்கா கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுப் போனான்.

ஒரு வாரம் பையைப் பின்னறையில் மாட்டச் சொன்னார். அங்கே சன்னல் இல்லை. சரி என்று தாங்கியை நகர்த்தினேன். அடுத்த வாரம் போனபோது தாங்கி பழைய இடத்திலேயே இருந்தது. யார் நகர்த்தியது என்று நான் விசாரிக்கவில்லை. அறை சுத்தமாக இருந்தால் எனக்குப் போதும்.

மதியப் பையை இப்போதெல்லாம் அவர் ஒழுங்காக மாற்றுகிறார். கால் வற்றிவிட்டது. வாயில் இரும்பு ருசி போய்விட்டது. சாப்பிடுகிறார். நேரத்தை மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். எதற்கு என்றேன். சாப்பாட்டு இடைவேளையில் கிரேன் நின்றுவிடும், அப்போது வடித்து முடித்துவிட்டால், மறுபடி கிளம்பும்போது புதுத் திரவம் இறங்கிக்கொண்டிருக்கும், சும்மா உட்கார்ந்து பார்க்கலாம் என்றார். மருத்துவப்படி ஆட்சேபம் இல்லை. ஒப்புக்கொண்டேன்.

போன வாரமும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். முகமூடி போட்டு, கையைக் கழுவி, எல்லாவற்றையும் அவரே இணைத்தார். நான் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றேன். திரவம் இறங்க ஆரம்பித்தது. கேபினில் இரண்டு லீவர்களையும் பிடிப்பது போல, இரண்டு கைகளையும் நாற்காலியின் கைப்பிடிகளில் வைத்திருந்தார். எதிரே இடைவேளை முடிந்து கிரேன் அசைந்தது, உச்சித் தளத்தின் கடைசிக் கம்பிக்கட்டு போலிருக்கிறது. அவர் இடது கை மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. அதற்குப் பிறகுதான் வெளியே கிரேனின் அந்த நீளக் கை திரும்பியது. வலது கை பின்னால் வந்தது, அங்கே கொக்கி ஏறியது. ஒவ்வொரு முறையும் இவர் முன்னால், அது பின்னால்.

"காத்துல பாரம் ஆடறப்ப பிடிச்சு நிறுத்தறான்" என்றார், சன்னலைப் பார்த்தே. "கொஞ்சம் விடணும். விட்டா அதுவே நிக்கும்."

கையை ஆட்டாதீர்கள் தம்பி, குழாய் இழுக்கும் என்றேன்.

கைகளை அசையாமல் வைத்துக்கொண்டார். திரவம் இறங்கி முடியும்வரை விரல்கள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.